மஹ்தி ராணுவம்: வெற்றிடத்தில் முளைத்த படை

2003 ஏப்ரல் 9. பாக்தாத்தின் ஃபிர்தோஸ் சதுக்கத்தில் சதாம் ஹுசேனின் சிலையைச் சங்கிலி கட்டி இழுத்துச் சாய்த்தது ஒரு அமெரிக்கக் கவச வண்டி. உலகமே அதைத் தொலைக்காட்சியில் பார்த்தது. அதே நாட்களில் அதே நகரத்தின் வடகிழக்கு ஓரத்தில் இன்னொரு காரியம் நடந்தது. அங்கே அவ்வளவு கேமராக்கள் இல்லை. 'சதாம் நகரம்' என்ற பெயரை மக்களே அழித்துவிட்டு 'சதர் நகரம்' என்று எழுதினார்கள். கொள்ளையடித்த பொருட்களைத் திருப்பிக் கொண்டுவந்து பள்ளிவாசலில் வைக்கும்படி இளம் மௌலவிகள் சொன்னார்கள். மருத்துவமனை வாசலில் துப்பாக்கியோடு இளைஞர்கள் காவல் நின்றார்கள். போலீஸ் இல்லாத தெருமுனைகளில் போக்குவரத்தையும் அவர்களே ஒழுங்கு செய்தார்கள்.

ஓராண்டுக்குள் இந்த இளைஞர்கள் உலகின் மிக வலிமையான ராணுவத்தோடு தெருச்சண்டை போட்டார்கள். மூன்றாண்டுக்குள் கொலைப்படை என்று பெயர் வாங்கினார்கள். ஐந்தாண்டுக்குள் அவர்களைப் பெற்றெடுத்த தெருக்களே அவர்களைக் கண்டு பயப்பட ஆரம்பித்திருந்தன. ஜெய்ஷ் அல் மஹ்தி, அதாவது மஹ்தி ராணுவத்தின் கதை இது. மதவெறியின் கதை என்று இதைச் சுலபமாக ஒதுக்கிவிடலாம். ஆனால் மதம் அதற்கு முன்பும் அங்கே இருந்தது. படை மட்டும் 2003ல்தான் வந்தது. ஏன்?

சதர் என்ற பெயர்

ஈராக்கின் மக்கள் தொகையில் ஏறக்குறைய 60 சதவீதம் பேர் ஷியா முஸ்லிம்கள். ஆனால் ஆட்சி பெரும்பாலும் சன்னி சிறுபான்மையினர் கையில்தான் இருந்தது. சதாம் காலத்தில் இது இன்னும் கொடூரமானது. முகமது பாக்கிர் அல் சதர் என்ற பெரிய மார்க்க அறிஞர் இருந்தார். இஸ்லாமியப் பொருளாதாரம் பற்றி 'இக்திசாதுனா' என்ற புகழ்பெற்ற நூலை எழுதியவர். 1980 ஏப்ரலில் அவரையும் அவருடைய சகோதரி ஆமினாவையும் சதாம் அரசு கொன்றது.

1991ல் குவைத் போரில் சதாம் தோற்றதும் தெற்கே ஷியாக்கள் கிளர்ந்து எழுந்தார்கள். "சதாமைத் தூக்கி எறியுங்கள்" என்று ஈராக்கியர்களுக்கு அழைப்பு விடுத்திருந்தார் அன்றைய அமெரிக்க அதிபர் புஷ் (அப்பா புஷ்). மக்கள் எழுந்தபோது உதவி வரவில்லை. பல்லாயிரம் பேர் கொல்லப்பட்டார்கள். அமெரிக்கா மீதான நம்பிக்கை அன்றைக்கே செத்துவிட்டது. பிறகு 2003 வரை நீடித்த பொருளாதாரத் தடைகள். ரேஷன் மாவையும் அரிசியையும் நம்பி வாழும் நாடாக ஈராக் மாறியது.

இந்த இருண்ட காலத்தில் எழுந்தவர்தான் பாக்கிர் அல் சதரின் உறவினரான முகமது சாதிக் அல் சதர். மூத்த அயதுல்லாக்கள் பலர் அரசியல் பேசாமல் ஒதுங்கி இருந்தபோது, இவர் ஏழைகளிடம் போனார். கூஃபா நகரப் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை தொழுகையை நடத்தினார். சாவுக்குத் தயார் என்பதைக் காட்டும் விதமாக வெள்ளைக் கபன் துணியைப் போர்த்திக்கொண்டு பிரசங்கம் செய்தார். 1999 பிப்ரவரி 19 அன்று நஜஃப் நகரில் அவரும் அவருடைய இரண்டு மகன்களும் காரில் போகும்போது சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சதாமின் ஆட்கள்தான் செய்தார்கள் என்பதில் ஷியாக்களுக்குச் சந்தேகமே இல்லை.

மிஞ்சிய மகன்களில் இளையவர் முக்தாதா. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூடத் தாண்டவில்லை. மதக் கல்வியை முடிக்கவில்லை. வீடியோ கேம் பைத்தியம் என்று 'முல்லா அடாரி' என்ற கேலிப் பெயர் வேறு. ஆனால் அவரிடம் வேறு யாரிடமும் இல்லாத இரண்டு சொத்துகள் இருந்தன. ஒன்று, தியாகிகளின் குடும்பப் பெயர். இன்னொன்று, அப்பா விட்டுப்போன பள்ளிவாசல்களும் இளம் மௌலவிகளும் அடங்கிய வலைப்பின்னல்.

சதர் நகரம்

இந்த வலைப்பின்னலின் இதயம் பாக்தாத்தின் சதர் நகரம். 1959ல் அப்துல் கரீம் காசிம் என்ற ராணுவ ஆட்சியாளர் காலத்தில், தெற்கிலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழை விவசாயிகளுக்காகக் கட்டப்பட்டது. முதலில் அதன் பெயர் 'புரட்சி நகரம்'. பிறகு சதாம் தன் பெயரை வைத்தார். சுமார் 20 லட்சம் பேர் நெருக்கியடித்து வாழும் இடம். சாக்கடை தெருவில் ஓடும். வேலை இல்லாத இளைஞர்கள் ஏராளம். மஹ்தி ராணுவத்தின் ஆள்பலம் முழுக்க இங்கிருந்தும் தெற்கு நகரங்களின் ஏழைப் பேட்டைகளிலிருந்தும்தான் வந்தது.

அரசைக் கலைத்த இரண்டு உத்தரவுகள்

அமெரிக்கா ஈராக்கை ஆள அனுப்பிய அதிகாரி பால் பிரெமர். 2003 மே மாதம் வந்து இறங்கியவுடனே இரண்டு உத்தரவுகள் போட்டார். மே 16ல் முதல் உத்தரவு: பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்கள் யாரும் அரசு வேலையில் இருக்கக் கூடாது. அந்தக் காலத்தில் கட்சிக் கார்டு இல்லாமல் உயர் பதவி கிடைக்காது. ஆகவே பள்ளி ஆசிரியர்கள், டாக்டர்கள், என்ஜினியர்கள் என்று அனுபவம் உள்ளவர்கள் மொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். மே 23ல் இரண்டாம் உத்தரவு: ராணுவம் கலைக்கப்படுகிறது. லட்சக்கணக்கான ஆட்கள், ஆயுதப் பயிற்சி உள்ளவர்கள், ஒரே நாளில் சம்பளம் இல்லாமல் தெருவுக்கு வந்தார்கள். ஆயுதக் கிடங்குகளுக்கோ காவல் இல்லை. கலாஷ்னிகோவ் துப்பாக்கி சந்தையில் காய்கறி போலக் கிடைத்தது.

ஒரு நாட்டில் போலீஸ் இல்லை, ராணுவம் இல்லை, மின்சாரம் ஒழுங்காக இல்லை. இந்த நிலையில் தெருவில் ஏற்கனவே இருக்கும் அமைப்பு எது? பள்ளிவாசல். அதில் ஏழைகளோடு மிக நெருக்கமாக இருந்தது சதர் இயக்கம். அரிசி கொடுத்தது, திருட்டைத் தடுத்தது, சண்டை வந்தால் பஞ்சாயத்து பேசியது. பிரெமர் கலைத்த அரசின் இடத்தில் வந்து உட்கார்ந்தது முக்தாதாவின் ஆட்கள்தான்.

ஆனால் முதல் நாளிலிருந்தே இந்த முகத்துக்குப் பின்னால் இன்னொரு முகமும் இருந்தது. சிலை சாய்ந்த மறுநாள், ஏப்ரல் 10 அன்று, நஜஃபில் இமாம் அலி அடக்கத்தலத்தின் அருகே அப்துல் மஜீத் அல் கோயி என்ற மதத் தலைவர் வெட்டிக் கொல்லப்பட்டார். லண்டனில் அகதியாக இருந்து அமெரிக்கர்களின் ஆதரவோடு திரும்பி வந்தவர் அவர். கொலையில் முக்தாதாவுக்குத் தொடர்பு உண்டு என்று ஈராக் நீதிபதி ஒருவர் கைது உத்தரவே பிறப்பித்தார். முக்தாதா மறுத்தார். அந்த உத்தரவு கடைசிவரை நிறைவேறவில்லை.

வெளியே நிறுத்தப்பட்டவர்

2003 ஜூலை 13 அன்று 25 பேர் கொண்ட ஆட்சிக் குழுவை அமெரிக்கா அமைத்தது. 13 ஷியாக்கள், 5 சன்னிகள், 5 குர்துகள், ஒரு துர்க்மேன், ஒரு அசிரியக் கிறிஸ்தவர். இன, மத வாரியாகக் கணக்குப் பார்த்து இடம் பிரித்தார்கள். (ஈராக் அரசியலை இன்றுவரை பிடித்திருக்கும் நோய் இது.) ஷியா இடங்களில் பல, வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்தவர்களுக்குப் போயின. ஈரானில் 1982ல் உருவான உச்ச இஸ்லாமியப் புரட்சிக் குழுவுக்கு இடம் கிடைத்தது. அதற்கு 'பத்ர்' என்ற சொந்தப் படையே இருந்தது! சதர் இயக்கத்துக்கு மட்டும் இடம் இல்லை.

முக்தாதாவின் பேச்சு இதிலிருந்துதான் வலுப்பெற்றது. "நீங்கள் லண்டனிலும் டெஹ்ரானிலும் இருந்தீர்கள். நாங்கள் இங்கேயே இருந்து செத்தோம்" என்பதுதான் அதன் சாரம். ஏழை ஷியாக்களுக்கு இது நேராக மனதில் பட்டது. அதே ஜூலையில் கூஃபா பள்ளிவாசலில் அவர் படையை அறிவித்தார்.

பெயரைக் கவனிக்க வேண்டும். ஷியாக்களின் நம்பிக்கைப்படி பன்னிரண்டாவது இமாமான மஹ்தி மறைந்து வாழ்கிறார். உலகில் அநீதி நிரம்பும்போது திரும்பி வந்து நீதியை நிலைநாட்டுவார். அந்தப் பெயரைப் படைக்கு வைத்ததும், சாதாரண அடிதடி ஆளும்கூட இமாமுக்காகக் காத்திருக்கும் வீரனாகிவிடுகிறான். சம்பளம் இல்லை, சீருடை இல்லை, கறுப்புச் சட்டைதான். சேருவதற்குப் பதிவேடும் இல்லை. ஆள் சேர்ப்பதற்கு இது பெரிய பலமாக இருந்தது. பின்னால் இதுவே பெரிய பலவீனமானது. யார் உறுப்பினர், யார் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாத படை அது.

ஆக்கிரமிப்புப் படையும் தன் பங்குக்கு உதவி செய்தது. 2003 ஆகஸ்டில் சதர் நகரத்தில் ஒரு கோபுரத்தின் மேலிருந்த மதக் கொடி ஒன்று அமெரிக்க ஹெலிகாப்டரால் கீழே விழுந்தது. ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் ஒருவர் இறந்தார். அமெரிக்கத் தளபதி வருத்தம் தெரிவித்துக் கடிதம் கொடுத்தார். கடிதம் யாருக்கு நினைவிருக்கும்? கொடிதான் நினைவில் நின்றது.

ஒரு பத்திரிகைக்குப் பூட்டு

சதர் இயக்கம் 'அல் ஹவ்ஸா' என்ற சின்ன வாரப் பத்திரிகையை நடத்தியது. பிரெமரைச் சதாமோடு ஒப்பிட்டும் அமெரிக்கப் படை மீது ஆதாரமில்லாத குற்றச்சாட்டுகளை வைத்தும் எழுதியது. 2004 மார்ச் 28 அன்று அமெரிக்க வீரர்கள் அதன் அலுவலகத்தை 60 நாட்களுக்குப் பூட்டினார்கள். கருத்துச் சுதந்திரம் கொண்டுவருகிறோம் என்று வந்தவர்கள் பத்திரிகைக்குப் பூட்டு போட்டதைவிட நல்ல விளம்பரம் முக்தாதாவுக்குக் கிடைத்திருக்காது. ஏப்ரல் 3ல் அவருடைய நெருங்கிய உதவியாளர் முஸ்தஃபா அல் யாக்கூபி கைது செய்யப்பட்டார்.

மறுநாள் ஏப்ரல் 4. சதர் நகரத்திலும் நஜஃப், கூஃபா, கூத் நகரங்களிலும் ஒரே நேரத்தில் கலவரம் வெடித்தது. சதர் நகரத்தில் மட்டும் அன்று எட்டு அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கேசி ஷீஹன். அடுத்த ஆண்டு டெக்சாசில் புஷ் (மகன் புஷ்) வீட்டுப் பக்கத்தில் கூடாரம் போட்டு உட்கார்ந்து, "என் மகன் எதற்காகச் செத்தான்?" என்று கேட்ட சிண்டி ஷீஹனின் மகன். கூத் நகரில் இருந்த உக்ரைன் படை சண்டையில் பின்வாங்கியது. சில நாட்கள் பல தெற்கு நகரங்கள் மஹ்தி ராணுவத்தின் கையில் இருந்தன. பிரெமர் முக்தாதாவைச் சட்டத்துக்குப் புறம்பானவர் என்று அறிவித்தார். ஆனால் அதே நேரத்தில் ஃபலூஜாவில் சன்னிகளோடும் போர் நடந்துகொண்டிருந்தது. சதர் நகர மக்கள் ஃபலூஜாவுக்கு ரத்தமும் உணவும் அனுப்பினார்கள். சன்னியும் ஷியாவும் ஒன்றாக நின்ற அரிதான காலம் அது. நீடிக்கவில்லை.

நஜஃப் போர்

2004 ஆகஸ்டில் பெரிய சண்டை நஜஃபில் நடந்தது. ஷியாக்களுக்கு மிகப் புனிதமான நகரம். இமாம் அலி அடக்கமாகியிருக்கும் இடம். அதன் பக்கத்தில் வாதி அல் சலாம், உலகின் மிகப் பெரிய இடுகாடுகளில் ஒன்று. மஹ்தி ராணுவத்தினர் கல்லறைகளுக்கு நடுவே பதுங்கிச் சுட்டார்கள். அமெரிக்க டாங்குகள் இடுகாட்டுக்குள் நுழைந்தன. கடைசியில் படையினர் இமாம் அலி அடக்கத்தலத்துக்குள் ஒடுங்கினார்கள். உள்ளே புகுந்து தாக்கினால் உலகம் முழுக்க உள்ள ஷியாக்கள் கொதிப்பார்கள் என்று அமெரிக்காவுக்குத் தெரியும்.

முடிச்சை அவிழ்த்தவர் ஒரு கிழவர். ஈராக் ஷியாக்களின் மிக உயர்ந்த மதத் தலைவர் அயதுல்லா சிஸ்தானி. இதய சிகிச்சைக்காக லண்டன் போயிருந்தவர், ஆகஸ்ட் 25ல் பஸ்ரா வந்து, அடுத்த நாள் பெரும் ஊர்வலத்தோடு நஜஃபுக்குள் நுழைந்தார். துப்பாக்கிகள் நின்றன. படையினர் சாதாரண மக்களோடு கலந்து கலைந்து போனார்கள். முக்தாதா கைதாகவில்லை.

போர்க்களக் கணக்கில் இது அவருக்குத் தோல்வி. நிறைய இளைஞர்கள் செத்தார்கள். நஜஃப் கடைக்காரர்களும் பயணிகளை நம்பிப் பிழைத்தவர்களும் அவரைச் சபித்தார்கள். ஆனால் அமெரிக்காவோடு மோதி உயிரோடு மிஞ்சிய ஷியா தலைவர் அவர் ஒருவர்தான். அந்தப் பெயர் பல தேர்தல்களுக்குப் போதுமானதாக இருந்தது.

ஒரு கையில் பதவி, ஒரு கையில் துப்பாக்கி

நஜஃபுக்குப் பிறகு முக்தாதா பாதையை மாற்றினார். 2005 டிசம்பர் தேர்தலில் ஷியா கூட்டணி 275 இடங்களில் 128ஐப் பிடித்தது. அதில் ஏறக்குறைய 30 பேர் சதர் ஆட்கள். 2006 மே மாதம் நூரி அல் மாலிகி பிரதமரானது இவர்கள் தயவில். சுகாதாரம், போக்குவரத்து போன்ற அமைச்சகங்கள் இவர்களுக்கு வந்தன.

மூன்றாண்டுக்கு முன் அரசு இல்லாததால் மருத்துவமனை வாசலில் காவல் நின்றவர்கள், இப்போது சுகாதார அமைச்சகத்துக்கே சொந்தக்காரர்கள். ஆனால் துப்பாக்கியை அவர்கள் கீழே வைக்கவில்லை. வைக்கச் சொல்லவும் யாருக்கும் தைரியம் இல்லை.

2006 பிப்ரவரி 22ல் சமாரா நகரில் ஷியாக்களின் புனிதமான அல் அஸ்கரி அடக்கத்தலத்தின் தங்கக் குவிமாடத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். அல் காய்தாவின் வேலை. அதற்கு முன்பே மூன்றாண்டுகளாக ஷியா சந்தைகளிலும் ஊர்வலங்களிலும் குண்டுகள் வெடித்துக்கொண்டுதான் இருந்தன. சிஸ்தானி பொறுமை காக்கச் சொல்லிச் சொல்லி ஓய்ந்திருந்தார். இந்த முறை அணை உடைந்தது. மஹ்தி ராணுவம் ஷியாக்களின் காவலாளி என்று தெருவில் இறங்கியது. பழிவாங்கல் தொடங்கியது.

அதன்பின் பாக்தாத்தில் தினமும் காலையில் கைகள் கட்டப்பட்ட பிணங்கள் கிடந்தன. பெயர் 'உமர்' என்று இருந்தால் போதும், சோதனைச் சாவடியில் உயிர் போகும். இன்னொரு தெருவில் 'அலி' என்ற பெயருக்கு அதே கதி. உறவினரின் பிணத்தைத் தேடிச் சவக்கிடங்குக்குப் போன சன்னிகள் அங்கிருந்தே கடத்தப்பட்டதாகப் புகார்கள் வந்தன. 2007 பிப்ரவரியில் சுகாதாரத் துறைத் துணை அமைச்சரையே அமெரிக்கப் படை கைது செய்தது. 2008ல் போதிய சாட்சி இல்லை என்று வழக்கு கைவிடப்பட்டது. 2006ல் மட்டும் 34,000க்கும் மேற்பட்ட பொதுமக்கள் இறந்ததாக ஐ.நா. கணக்குச் சொன்னது. இதில் எல்லாத் தரப்பின் கொலைகளும் உண்டு. ஆனால் மஹ்தி ராணுவத்தின் பங்கு சிறியது அல்ல. நவம்பர் 23ல் சதர் நகரத்தில் அடுத்தடுத்து வெடித்த கார் குண்டுகளில் 200க்கும் மேற்பட்டோர் இறந்தது, மேலும் பழிவாங்கலுக்கே வழிவகுத்தது. டிசம்பர் 30ல் சதாமைத் தூக்கிலிட்டபோது அங்கிருந்தவர்கள் "முக்தாதா! முக்தாதா!" என்று கத்தியது செல்போன் வீடியோவில் பதிவானது. ஒரு நாட்டின் நீதிமன்றத் தீர்ப்பு, ஒரு கும்பலின் பழிவாங்கல் மாதிரித் தெரிந்தது.

காவலாளியே கொள்ளைக்காரன்

சன்னிகள் துரத்தப்பட்ட பிறகு என்ன ஆயிற்று? பாதுகாக்க எதிரி இல்லாத தெருவில் படை மட்டும் மிஞ்சியது. விரட்டப்பட்டவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டார்கள். சமையல் கேஸ் சிலிண்டர், பெட்ரோல் விநியோகம் அவர்கள் கையில் இருந்தது. கடைக்காரர்களிடம் 'பாதுகாப்பு'க் காசு வாங்கினார்கள். முதலில் நன்கொடை, பிறகு கட்டாயம். இப்போது பணம் கொடுப்பவர்களும் ஷியாக்கள், மிரட்டப்படுபவர்களும் ஷியாக்கள். முக்தாதா தன் ஆட்களையே பகிரங்கமாகக் கண்டித்துப் பார்த்தார், சிலரை விலக்கினார். ஆனால் பதிவேடு இல்லாத படையில் யாரை விலக்குவது? அவர் அப்பாவின் மாணவரான கைஸ் அல் கஸலி பிரிந்து போய் ஈரான் உதவியோடு தனிப் படையே வைத்துக்கொண்டார். முக்தாதாவோ 2007 தொடக்கத்தில் ஈரானுக்குப் போய்விட்டார்.

2007 ஆகஸ்டில் கர்பலாவில் மதவிழாவுக்கு லட்சக்கணக்கானோர் கூடியிருந்தபோது மஹ்தி ராணுவத்துக்கும் அரசுக் காவலர்களுக்கும் (இவர்களில் பலர் பத்ர் ஆட்கள்) சண்டை வந்தது. 50 பேருக்கு மேல் இறந்தார்கள். இமாம் ஹுசைனின் அடக்கத்தலத்துக்குப் பக்கத்தில், ஷியாவை ஷியா சுட்டான். இதற்கு எந்த விளக்கமும் செல்லுபடியாகவில்லை. ஆகஸ்ட் 29 அன்று படையின் நடவடிக்கைகளை ஆறு மாதம் நிறுத்துவதாக முக்தாதா அறிவித்தார்.

முடிவு வேகமாக வந்தது. 2008 மார்ச் 25ல், எந்த மாலிகியைப் பிரதமராக்கினார்களோ அவரே பஸ்ராவுக்குப் படை அனுப்பினார். முதலில் அரசுப் படை திணறியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்களும் போலீஸ்காரர்களும் சண்டையிட மறுத்தார்கள் அல்லது ஓடினார்கள். ஆனால் அமெரிக்க விமானங்களும் ஈரானில் நடந்த பேச்சுவார்த்தையும் சேர்ந்து பஸ்ராவை அரசின் கையில் கொடுத்தன. மே மாதம் சதர் நகரத்துக்குள் ஈராக் ராணுவம் நுழைந்தபோது பெரிய எதிர்ப்பு இல்லை. 2004ல் அமெரிக்காவுக்கு எதிராக எழுந்த அதே தெருக்கள், அன்று சும்மா இருந்தன. ராணுவத்தின் மீது திடீர்க் காதல் வந்துவிடவில்லை. படையின் மீது வெறுப்பு வந்திருந்தது. அந்த ஆண்டே மஹ்தி ராணுவத்தைக் கலாச்சார, சமூக அமைப்பாக மாற்றுவதாக முக்தாதா அறிவித்தார்.

மிச்சம் இருப்பது

2011 டிசம்பரில் அமெரிக்கப் படை ஈராக்கை விட்டு வெளியேறியது. ஆக்கிரமிப்பு போனால் ஆயுதக் குழுவும் போய்விடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். 2014ல் ஐ.எஸ். இயக்கம் மொசூலைப் பிடித்ததும், பழைய படை 'சமாதானப் படையணிகள்' என்ற புதுப் பெயரில் மறுபடி தெருவுக்கு வந்தது. 2018 தேர்தலில் கம்யூனிஸ்டுகளோடு கூட்டணி வைத்து முக்தாதாவின் அணி முதலிடம் பிடித்தது. 2021ல் 73 இடங்கள். ஆனாலும் ஆட்சி அமைக்க முடியாமல் 2022 ஜூனில் அவருடைய உறுப்பினர்கள் மொத்தமாக ராஜினாமா செய்தார்கள். அந்த ஆகஸ்டில் பாக்தாத்தின் பசுமை மண்டலத்தில் அவர் ஆட்கள் எதிர் ஷியா குழுக்களோடு மோதினார்கள். சுமார் 30 பேர் இறந்த பிறகு, ஒரு மணி நேரத்துக்குள் கலைந்து போங்கள் என்று தொலைக்காட்சியில் சொன்னார். கலைந்தார்கள். ஒரு நாட்டில் போரை நிறுத்தும் சொல் பிரதமரிடம் இல்லாமல் ஒரு தனி மனிதரிடம் இருக்கிறது என்றால், 2003ல் காலியான அந்த இடம் இன்னும் நிரப்பப்படவில்லை என்றுதான் அர்த்தம்.

மஹ்தி ராணுவத்தை உருவாக்கியது முக்தாதா மட்டும் அல்ல. அரசைக் கலைத்த உத்தரவும், அவரை வெளியே நிறுத்திய ஆட்சிக் குழுவும், பத்திரிகைக்குப் போட்ட பூட்டும் சேர்ந்துதான் உருவாக்கின. ஆனால் அதைக் கெடுத்தது அமெரிக்கா மட்டும் அல்ல. அரிசி கொடுத்த கையும் துப்பாக்கி பிடித்த கையும் ஒன்றாக இருந்தது. அந்தக் கையிடம் கணக்குக் கேட்க யாரும் இல்லை. போலீஸ் இல்லாத தெருவில் யாராவது ஒருவர் காவல் நின்றே ஆக வேண்டும். ஆனால் அவர் எப்போது போவார் என்பதைத் தெருவில் இருப்பவர்கள் முடிவு செய்ய முடியாவிட்டால், அவர் காவலாளி இல்லை. சதர் நகரத்து மக்களுக்கு இது புரிய ஐந்து வருடமும் பல்லாயிரம் உயிர்களும் தேவைப்பட்டன.